விரிப்பியா, தளர்த்தியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

vasodilator, அதாவது இரத்தக்குழாயை அகலமாக்கும் மருந்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று மூன்று நாளாக ஓடும் விவாதத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். "குருதிக்கலன் விரிப்பி" என்பதற்குத்தான் நிறையப் பேர் கை தூக்கியிருக்கிறீர்கள். என் கை இன்னும் மடியில்தான் இருக்கிறது. எனக்குத் "தளர்த்தி" என்பதே பொருத்தமாகப் படுகிறது.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். நெஞ்சுவலிக்காரர்களுக்கு ஒரு பக்கத்தில் துண்டுப்பிரசுரம் எழுதித் தரச் சொன்னார்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் அந்தச் சின்னக் குளிசை (நைத்திரோகிளிசரின் மாத்திரை) என்ன செய்கிறது என்று இரண்டு வரி எழுதப்போய்த்தான் இந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

பாயை விரிக்கிறோம், குடையை விரிக்கிறோம். விரிப்பது என்றால் ஒரு கை வேலை செய்தாக வேண்டும். நைத்திரேற்று வகையைச் சேர்ந்த இந்த மருந்து அப்படி எதையும் பிடித்து இழுப்பதில்லை. குருதிக்கலனின் சுவரில் வளையமாக ஓடும் மென்தசை எந்நேரமும் கொஞ்சம் இறுகியே இருக்கும். மருந்து அந்தத் தசைக்கலத்துக்குள் (தசைச் செல்லுக்குள்) போய் நைத்திரிக் ஒட்சைட்டாக மாறுகிறது. அது ஒரு நொதியத்தைத் தட்டி எழுப்ப, சக்கர ஜிஎம்பி என்ற மூலக்கூறு பெருகுகிறது. கலத்துக்குள் கல்சியம் குறைகிறது, தசை பிடியை விடுகிறது. அப்புறம் உள்ளே இருக்கிற இரத்தத்தின் அழுத்தமே குழாயை அகலமாக்கிக்கொள்கிறது. விரிவது கடைசியில் வருகிற விளைவு. மருந்தின் வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

1980இல் அமெரிக்க ஆய்வாளர் ஃபர்ச்காட் முயலின் பெருநாடித் துண்டுகளை வைத்துச் செய்த சோதனையும் இதைத்தான் சொல்கிறது. உட்பக்க மெல்லிய படலம் முழுசாக இருந்த துண்டு அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் பட்டதும் தளர்ந்தது. அந்தப் படலம் உரசிப் போயிருந்த துண்டோ உல்டாவாகச் சுருங்கியது. ஆக, படலத்திலிருந்து ஏதோ ஒன்று வெளியாகிறது. அதற்கு ஃபர்ச்காட் குழுவினர் வைத்த பெயரிலேயே "தளர்த்தும் காரணி" என்ற கருத்துத்தான் இருக்கிறது, விரிக்கும் காரணி அல்ல. அந்தக் காரணி வெறும் நைத்திரிக் ஒட்சைட்டு வாயுதான் என்று தெரியச் சில வருடம் பிடித்தது. 1998இல் அவரோடு இக்னாரோ, முராட் இருவருக்கும் நோபல் பரிசு. டைனமைட்டுக்காரர் பெயரிலான பரிசு டைனமைட்டின் சரக்கான நைத்திரோகிளிசரினின் ரகசியத்துக்கே போய்ச் சேர்ந்தது!

ஆனால் என்னைத் தளர்த்தி பக்கம் தள்ளியது ஃபர்ச்காட் அல்ல. கொழுந்தெடுத்து ஓய்ந்த ஓர் அம்மா தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து ஏறி வந்து டிஸ்பென்சரி வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குளிசை வைத்துச் சில நிமிடம் கழித்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "படங்கு முடிச்ச யாரோ தளத்தி விட்டாப்ல இருக்குங்கய்யா" என்றார். படங்கு என்பது தேயிலைச் செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டும் முரட்டுத் துணி. நாள் முழுக்க அதைக் கட்டியவருக்குத்தான் முடிச்சுத் தளர்கிற சுகம் தெரியும். கலைச்சொல் ஆக்க நாம் அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்க, அவர் வாசற்படியில் உட்கார்ந்தே சொல்லிவிட்டார்.

எதிர்ப்புக்கு வருகிறேன். கோயம்புத்தூர் நண்பர், "தளர்ச்சி என்றாலே நரம்புத் தளர்ச்சி விளம்பரம்தான் ஞாபகம் வரும், நோயாளி பயந்துவிடுவார்" என்கிறார். நியாயமான பயம்தான், நானும் யோசித்தேன். ஆனால் தளர்ச்சி வேறு, தளர்த்துவது வேறு. எங்கள் நாட்டில் "ஊரடங்குச் சட்டம் தளர்த்தப்பட்டது" என்று வானொலியில் கேட்டதும் சட்டம் நோஞ்சானாகிவிட்டது என்று யாரும் நினைத்ததில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினோம். "இளக்கி" என்ற யோசனைக்கு மலமிளக்கி குறுக்கே நிற்கிறது. "நெகிழ்த்தி" அழகான சொல்தான், ஆனால் நெகிழி இப்போது பிளாஸ்டிக்காகிவிட்டதே.

முன்பாதியிலும் ஒரு சிக்கல். "தமனி விரிவூட்டி" என்று ஒருவர் எழுதியிருந்தார். தமனிக்கு (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாய்) எங்கள் பாடப்புத்தகத்தில் நாடி என்று பெயர், சிரைக்கு (இதயத்துக்கு இரத்தம் திரும்பும் குழாய்) நாளம். அதைவிடப் பெரிய குறை, சாதாரண அளவில் இந்த மருந்து நாடியைவிட நாளங்களைத்தான் அதிகம் தளர்த்துகிறது. இரத்தம் உடம்பின் கீழ்ப்பாதியில் தங்க, இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது, அதன் சுமை இறங்குகிறது. நின்றபடி வைத்தால் தலை சுற்றுவதும் அதனால்தான். எனவே இரண்டையும் அடக்கும் பொதுச்சொல் வேண்டும். புத்தகத்துக்குக் "குருதிக்கலன் தளர்த்தி", துண்டுப்பிரசுரத்துக்கு "இரத்தக்குழாய் தளர்த்தி" என்பேன். குருதி என்று தோட்டத்தில் யாரும் பேசுவதில்லை.

நைத்திரிக் ஒட்சைட்டு வாயுவின் பெயரை மொழிபெயர்க்கவே வேண்டாம். சிரிப்பு வாயுவான நைத்திரசு ஒட்சைட்டோடு குழம்பும் என்று பயந்தால் காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) மாதிரி நைதரசனோரொட்சைட்டு என்று வைத்துக்கொள்ளலாம். வாய் சுளுக்கினால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

துண்டுப்பிரசுரத்தில் இப்போதைக்கு எழுதியிருப்பது இது: "இது இரத்தக்குழாய் தளர்த்தி. உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் வையுங்கள், விழுங்க வேண்டாம். தலை வலிக்கலாம், மருந்து வேலை செய்யும்போது அப்படி வருவதுண்டு. ஆண்மைக்குறைவுக்கு மாத்திரை எடுப்பவர் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கும். குளிசையை அது வந்த கண்ணாடிப் போத்தலிலேயே இறுக மூடி வையுங்கள்."

கடைசி வரியும் அந்த அம்மாவுக்காகத்தான். அவர் குளிசைகளைச் சில்லறைக் காசோடு சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். "இறுக மூடி" என்பதற்குப் பதில் "காற்றுப் புகாமல்" என்று போடலாமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.