நிலவொளியில் எடுத்த கொடைக்கானல் ஏரி பகல் போல் தெரிகிறது: என்ன தவறு?

நாயுடுபுரத்திலிருந்து:
வணக்கம். சிறுவயது முதல் நான் சுற்றிவரும் ஏரியைப் பௌர்ணமி இரவில் எடுக்க முயன்றேன். லென்ஸ் திறப்பு எஃப் 2.8, நேரம் 30 வினாடி, ஒளி உணர்திறன் (ஐ.எஸ்.ஓ.) 1600 என வைத்தேன். கேமரா திரையில் அழகாகத் தெரிந்த படம் வீட்டுக் கணினியில் மதிய நேரத்துப் படம் போல் இருக்கிறது, வானம் வெளிர்நீலம்! மேலும், முதல் பத்துப் படங்களுக்குப் பிறகு எல்லாமே மங்கல். கரை விளக்குகளைச் சுற்றிப் புகை போன்ற வட்டம். குவியம் நகர்ந்துவிட்டதா?

பெருமாள்மலையிலிருந்து:
நிலவொளி என்பது திருப்பி அனுப்பப்பட்ட சூரிய ஒளிதான் என்பதால், போதுமான நேரம் திறந்து வைத்தால் வானம் நீலமாகத்தான் பதியும். தங்கள் அளவு அந்தப் 'போதுமான'தையும் தாண்டிவிட்டது. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குக் கேமரா திரை எப்போதும் கூடுதல் வெளிச்சமாகவே தெரியும். ஆகவே திரையை நம்பாமல், படத்தின் இருள்-வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், அது இருளைக் குறிக்கும் இடப்பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 400, 15 வினாடி போதும். இது தாங்கள் கொடுத்த ஒளியில் எட்டில் ஒரு பங்கு. நிறச் சாயலைச் சீர்செய்யும் வெண்சமநிலையை 4000 கெல்வின் அருகே வையுங்கள். அரைநிலா அன்று பாதி வெளிச்சமாவது இருக்கும் என்று நம்பிப் போய்விடாதீர்கள். பௌர்ணமி வெளிச்சத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தேறும். நான் அப்படிப் போய் ஒரு இரவை வீணாக்கியவன்.

மங்கலுக்குக் குவியம் காரணமன்று, பனிதான். திறந்த வானத்தைப் பார்த்து நிற்கும் லென்ஸின் முன்கண்ணாடி சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதால் அதன்மேல் ஈரம் படிகிறது. டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் மெல்லிய வெண்படலம் தெரியும். துடைத்தால் மறுபடியும் படியும். பவர் பேங்கில் இயங்கும் சூட்டுப்பட்டையை லென்ஸில் சுற்றுங்கள். திரும்பும்போதும் ஈரம் படியாதிருக்க, வெதுவெதுப்பான அறைக்குள் நுழையுமுன் கேமராவை பிளாஸ்டிக் பைக்குள் இறுகக் கட்டிவிடுங்கள்.

நாயுடுபுரத்திலிருந்து:
மிக்க நன்றி ஐயா. நேற்று சூட்டுப்பட்டையோடு போனேன். கடைசிப் படம் வரை தெளிவு, வானமும் இரவாகவே இருக்கிறது. ஆனால் துறையில் கட்டியிருந்த படகுகள் மட்டும் இரண்டிரண்டாகப் பதிந்துள்ளன.

பெருமாள்மலையிலிருந்து:
கட்டிய படகும் நீரில் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அவற்றுக்கு மட்டும் ஐ.எஸ்.ஓ. 3200, 2 வினாடி வையுங்கள். படத்தின் வெளிச்சம் ஏறத்தாழ மாறாது, படத்தில் சற்றுப் புள்ளிகள் விழும். மேலும், முக்காலியைப் படகுத்துறைப் பலகையில் நிறுத்தாதீர்கள். யாராவது நடந்தால் பலகையும் ஆடும்.