2019 விம்பிள்டன் ஃபைனல்: ஃபெடரர் விட்டாரா, ஜோகோவிச் எடுத்தாரா?

ஒத்தக்கை பேக்ஹேண்ட்: நேத்து மறுபடி ஸ்கோர்கார்டு எடுத்துப் பாத்தேன், வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல. ஜோகோவிச் பக்கமா 7-6, 1-6, 7-6, 4-6, 13-12. மொத்த பாயின்ட் ஃபெடரர் 218, ஜோகோவிச் 204. கேமை கூட்டிப் பாருங்க, ஃபெடரர் 36, அவர் 32. எதிராளி தொடவே முடியாத சர்வ், அதான் ஏஸ், 25க்கு 10. எல்லாத்துலயும் முன்னாடி இருந்த மனுஷன் கப்ப தூக்கல. வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழிய உடைச்ச கதை.

நோலே தம்பி: அண்ணே டென்னிஸ்ல டோட்டல் போட்டா பரிசு குடுக்கறாங்க? ரெண்டாவது செட் 1-6னு விட்டதுலயே பாயின்ட் வித்தியாசம் நிறைய வந்துருச்சு. கேம் சமமா நின்னா செட்ட முடிக்க ஆடுற டைபிரேக் மூணையும் யார் எடுத்தா, அத சொல்லுங்க.

ஒத்தக்கை பேக்ஹேண்ட்: அஞ்சாவது செட்ல ஃபெடரர் 8-7, சொந்த சர்வ், ரெண்டு ஏஸ் அடிச்சு 40-15, அதாவது ரெண்டு மேட்ச் பாயின்ட் கைல. இன்னும் ஒரே ஒரு பாயின்ட். அடுத்த மாசம் 38 வயசு ஆகப்போற ஆளு, செமில நடால அடிச்சுட்டு வந்து நிக்கிறாரு. முதல் மேட்ச் பாயின்ட்ல ஃபோர்ஹேண்ட் வெளிய போச்சு. அத ஜோகோவிச் எடுத்தாருன்னு சொல்லாதீங்க, இவரா குடுத்தது.

நோலே தம்பி: சரி முதல்ல குடுத்தார்னே வச்சுக்குவோம், ரெண்டாவது? ஃபெடரர் அப்ரோச் அடிச்சு நெட்டுக்கு ஓடி வந்தார், ஜோகோவிச் ஓடிப்போய் குறுக்கால ஒரு ஃபோர்ஹேண்ட் பாஸிங் ஷாட், ஃபெடரருக்கு எட்டவே இல்ல. எதிராளிக்கு மேட்ச் பாயின்ட் இருக்கறப்ப கை நடுங்காம அத அடிக்க எத்தனை பேரால முடியும்? அதுவும் ஸ்டேடியமே ரோஜர் ரோஜர்னு கத்துது. 2011 யூஎஸ் ஓபன் செமி ஞாபகம் இருக்கா, அங்கயும் அஞ்சாவது செட், ஃபெடரர் சர்வ், இதே 40-15தான். ஒரு தடவைன்னா அதிர்ஷ்டம், அதே ஆளுகிட்ட அதே ஸ்கோர்ல ரெண்டு தடவைன்னா?

மழைவந்தா கூரை: நடுவுல பூந்துக்கறேன். அந்த 12-12 டைபிரேக் ரூலே அந்த வருஷம்தான் விம்பிள்டன்ல வந்துச்சு, முந்தின வருஷம் ஆண்டர்சன் இஸ்னர் செமி 26-24 வரைக்கும் 6 மணி 36 நிமிஷம் இழுத்ததால. பழைய ரூல் இருந்திருந்தா ஃபெடரருக்கு இன்னொரு பிரேக், அதாவது எதிராளி சர்வ் பண்ற கேம ஜெயிக்கறது, கிடைச்சிருக்கும்ங்கறது என் எண்ணம், ஏன்னா மேட்ச் முழுக்க அவர் 7 தடவ பிரேக் பண்ணார், ஜோகோவிச் 3 தடவதான்.

நோலே தம்பி: ப்ரோ அப்படி பாத்தா இப்ப இருக்கற ரூல்ல 6-6லயே பத்து பாயின்ட் டைபிரேக். உங்க 8-7 40-15 வந்தே இருக்காது. அதுவுமில்லாம ஏற்கனவே 4 மணி 57 நிமிஷம் ஆயிருச்சு, அதுக்கு மேல இழுத்தா 37 வயசுக்காரருக்கா லாபம்?

மழைவந்தா கூரை: ம்ம், அது பாயின்ட்தான்.

ஒத்தக்கை பேக்ஹேண்ட்: ரூல எல்லாம் விடுங்கப்பா. தம்பி, பெரிய பாயின்ட்ல அவன் கில்லாடி, ஒத்துக்கறேன். ஆனா அன்னைக்கு நல்லா ஆடுனது ரோஜர்தான், இதுல நான் மாறமாட்டேன். நேத்து ராத்திரி ஹைலைட்ஸ் போட்டேன், 8-7 வந்ததும் டிவிய ஆஃப் பண்ணிட்டு படுத்துட்டேன்.

நோலே தம்பி: அட, அந்த ரெண்டு ஏஸையாவது பாத்துட்டு ஆஃப் பண்ணிருக்கலாம்ல அண்ணே 😂