தீபாவளி முடிந்த வாரம், மேலூர் குடும்பக் குழு

அண்ணன் (மாலை 6.40): அம்மா, மாமா, ஒரு செய்தி. பத்துச் சக்கர லாரி ஒன்று பார்த்திருக்கிறேன். 7 வருடம் ஓடிய வண்டி. நாளை மறுநாள் அட்வான்ஸ் கொடுக்கப் போகிறேன். மீதிக்கு ஃபைனான்ஸ்.

அம்மா: அட்வான்ஸுக்கு ஏதுடா பணம்?

அண்ணன்: சிவகாசி லோடு அடித்த பணம்தான் அம்மா. இரண்டு மாதமாக வண்டி நிற்கவே இல்லை. சம்பளத்துக்கு ஓட்டியே இவ்வளவு என்றால் சொந்த வண்டியில் எவ்வளவு மிஞ்சும்!

நான்: மாமா எங்கே? சத்தமே காணோம்.

மாமா (7.15): தூத்துக்குடியில் இருக்கிறேன் பாப்பா. உப்பு ஏற்ற வந்து இன்றோடு மூன்று நாள். விடாத மழை. உப்பளப் பாதை முழுக்கச் சேறு, வண்டியை இறக்கினால் அச்சு வரை புதைந்துவிடும். உப்புக் குவியலை எல்லாம் மூடிப் போட்டுவிட்டார்கள்.

மாமா: மாப்பிள்ளை, அட்வான்ஸ் கொடுக்காதே. பொறு.

அண்ணன்: ஏன் மாமா? நீங்கள் ஓட்டுவதும் சொந்த வண்டிதானே.

மாமா: அதனால்தான் சொல்கிறேன். நீ பார்த்தது புரட்டாசியும் ஐப்பசியும். இப்போது சிவகாசி போய்ப் பார், லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸ் வாசலில் வண்டிகள் லோடு இல்லாமல் வரிசையாக நிற்கும். கார்த்திகை, மார்கழி மழையில் போய்விடும். பொங்கலுக்கு முந்தின வாரம் நம் மேலூர்க் கரும்பு நாலைந்து நடை கிடைக்கும். தை பிறந்தால் தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா அறுப்பு, கொள்முதல் நிலையத்திலிருந்து நெல் ஏற்றப் பங்குனி வரை வண்டி தேடுவார்கள். அப்புறம் கேரளாவில் மழை பிடித்ததும் அங்கே கட்டட வேலை குறையும், சிமெண்டு லோடும் குறையும். ஆனி, ஆடி இரண்டும் பெரும்பாடு. ஓணத்துக்கு முன்னால் ஒட்டன்சத்திரம் காய்கறி ஏற்ற வண்டிக்கு அடிதடி நடக்கும், அதுவும் பத்து நாள்தான். ஃபைனான்ஸ் தவணை, அந்த டியூ மட்டும் மாதம் தவறாமல் வரும்.

அத்தை: மருமகனே, வரவு செலவு நோட்டு நான்தான் எழுதுகிறேன். போன வருட ஆடியில் வண்டி 11 நாள்தான் ஓடியது. அதே மாதம் எஃப்சி, வண்டி ஓடத் தகுதி என்கிற சான்று. 8 வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதைத் தாண்டினால் வருடா வருடம். நீ பார்த்த வண்டிக்கும் அடுத்த வருடமே அந்தக் கணக்கு வந்துவிடும். டயர், ஸ்பிரிங் பட்டை, பெயிண்டு என்று இழுத்துக்கொண்டே போனதில் என் இரண்டு வளையலும் அடகுக்குப் போயின. தையில்தான் மீட்டேன்.

அம்மா: என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ.

அத்தை: உங்களுக்கு அப்போது ஆஸ்பத்திரிச் செலவு, மதினி. எப்படிக் கேட்பது?

அண்ணன்: இதெல்லாம் எனக்குத் தெரியாது அத்தை. அப்படியென்றால் வாங்கவே வேண்டாமா மாமா? எனக்கு 31 வயது. எத்தனை நாள் அடுத்தவர் வண்டியை ஓட்டுவது?

மாமா (8.30): வாங்கு. நீ வாங்குவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். இப்போது வாங்கினால் முதல் டியூவே மழையில் கட்ட வேண்டும். தையில் வாங்கினால் சாவி வாங்கின கையோடு நெல் லோடு. ஆறு மாத டியூவைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு வாங்கு. அதற்குள் ரிட்டன் லோடு, அதாவது திரும்பி வரும்போது ஏற்ற லோடு, தருகிற பார்ட்டி ஒன்றையாவது பிடி. கொச்சியில் காய்கறி இறக்கிவிட்டு, இரண்டு நாள் காத்திருந்து வெறும் வண்டியாகத் திரும்பியிருக்கிறேன். போக வர டீசல் நம் கையிலிருந்துதான்.

மாமா: இந்த உப்பையும் விரும்பி எடுக்கவில்லை. ஒவ்வொரு நடைக்கும் வண்டியை நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் வரை கழுவ வேண்டும், விட்டால் வண்டியின் அடிச்சட்டத்தை உப்பு அரித்துவிடும். வீட்டு வாசலில் நிற்பதற்கு இது மேல் என்று வந்தேன்.

அண்ணன் (9.05): சரி மாமா. இப்போது வேண்டாம் என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிடுகிறேன். அத்தை, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அந்த நோட்டைக் காட்டுங்கள்.

அத்தை: வா. ஐந்து வருட நோட்டும் பெட்டியில் இருக்கிறது, எடுத்து வைக்கிறேன்.

அம்மா: தம்பி, நீ சாப்பிட்டாயா?

மாமா (9.50): சாப்பிட்டேன் அக்கா. மழை விட்டிருக்கிறது. காலையில் பாதை கொஞ்சம் இறுகினால் லோடு ஏற்றிவிடலாம் என்கிறார் மேஸ்திரி.