ஓஹாயோவில் டிபன் கடை: வொர்க்கர்ஸ் காம்ப் எடுக்கவில்லை, மாஸ்டர் கையில் எண்ணெய் கொட்டிவிட்டது. இப்போது என்ன செய்வது?

கொலம்பஸ் கடைக்காரன்:
வணக்கம். மார்ச்சில் கொலம்பஸ் பக்கம் சின்ன டிபன் கடை போட்டேன். மாஸ்டர், ஒரு உதவியாள், வார இறுதியில் பாத்திரம் கழுவ ஒரு பையன் என்று 3 பேர். பையனுக்குக் கையில் காசு. முன்பு ஃபுளோரிடாவில் டாம்பாவில் இதே அளவுக் கடை வைத்திருந்தேன். அங்கே 4 பேர் இருந்தால்தான் வொர்க்கர்ஸ் காம்ப் (வேலையில் காயப்படும் ஆளுக்குக் கொடுக்கும் இன்ஷூரன்ஸ்) கட்டாயம், அதனால் எடுத்ததே இல்லை. இங்கேயும் அதே நினைப்பில் இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை வடைச் சட்டி சரிந்து மாஸ்டருக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எண்ணெய். "பர்னால் போட்டா சரியாகிடும் சார்" என்றார். கொப்புளத்தைப் பார்த்துவிட்டு நானே அர்ஜென்ட் கேர் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். முன்மேசையில் முதல் கேள்வியே "வேலை இடத்தில் நடந்ததா?" என்பதுதான். நான் முழித்தேன். கடை இன்ஷூரன்ஸைத் திறந்து பார்த்தால் தீ, திருட்டு, வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால்... அவ்வளவுதான். செலவை நானே கொடுத்து முடித்துவிடலாமா? இப்போது பாலிசி எடுத்தால் இதற்குச் செல்லுமா?

கணக்குப்பிள்ளை:
செல்லாது. விண்ணப்பமும் கட்டணமும் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் காப்பு. ஆனாலும் இன்றைக்கே போடுங்கள், நாளைக்கு உதவியாள் வழுக்கி விழ மாட்டார் என்று யார் சொன்னது?

உங்கள் ஏஜென்ட்டைத் திட்ட வேண்டாம். அவர் நினைத்தாலும் இதை விற்க முடியாது. ஓஹாயோ, வாஷிங்டன், வடக்கு டகோட்டா, வயோமிங் ஆகிய 4 மாநிலங்களில் தனியார் கம்பெனிக்கு இடமில்லை, மாநில நிதிதான். ஓஹாயோவில் 1913லேயே கட்டாயச் சட்டம் வந்துவிட்டது. இதை நடத்தும் மாநிலத் துறையைச் சுருக்கமாக பி.டபிள்யூ.சி. என்பார்கள். ஒரே ஒரு ஆள் இருந்தாலும் எடுத்தாக வேண்டும், பார்ட் டைமும் ஆள்தான். யு-3 என்ற விண்ணப்பத்தை ஆன்லைனிலேயே போடலாம், கட்டணம் 120 டாலர். எந்தத் தேதியிலிருந்து ஆள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும். மார்ச் என்றே போடுங்கள். கையில் காசு வாங்கும் பையனையும் சேர்த்து எழுதுங்கள்.

மாஸ்டர் விஷயம். நீங்கள் காப்பு எடுக்காததால் அவர் உரிமை போகாது. ஃப்ராய் என்ற முதல் காயப் படிவத்தை அவர் போடலாம், டாக்டரும் போடலாம், நீங்களும் போடலாம். விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். பி.டபிள்யூ.சி. அவருக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்த ஒவ்வொரு டாலரையும் உங்களிடம் வசூலிக்கும். அவர் உங்கள் மேல் வழக்கும் போடலாம். அப்போது "அவர் கவனக்குறைவு" என்ற பேச்சு உங்களுக்கு எடுபடாது. காப்பு எடுத்திருந்தால் பெரும்பாலும் அந்த வழக்கே வந்திருக்காது. பிரீமியத்தில் முதலாளிக்குக் கிடைப்பது அதுதான்.

அப்புறம், டாம்பா கடை எல்.எல்.சி. (உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனி) பெயரில் இருந்ததா? ஃபுளோரிடாவில் அந்த 4ல் எல்.எல்.சி. உறுப்பினரும் ஒரு தலை. உங்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

பழைய சமையல்காரன்:
அண்ணே, நான் அந்தப் பக்கம் நின்றவன். நியூஜெர்சியில் ஒரு கிச்சனில் கிரைண்டரில் விரல் மாட்டியது. "வீட்டில் நடந்தது என்று சொல்லு, நான் பார்த்துக்கிறேன்" என்றார் முதலாளி. முதல் பில்லைக் கட்டினார். மூன்றாவது பில் வந்தபோது போனை எடுக்கவில்லை. அந்த விரல் இன்னும் மடங்காது, எங்கேயும் பதிவு இல்லை. நல்ல மனசில்தான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது, ஆனால் கையில் பணம் கொடுத்து முடிக்காதீர்கள். படிவத்தைப் போடச் சொல்லுங்கள்.

ஆஸ்டின் ஆள்:
எங்கள் டெக்சாஸில் தனியார் முதலாளிக்குக் கட்டாயமே இல்லை, தெரியுமா?

கணக்குப்பிள்ளை:
உண்மைதான், ஆனால் பாதி. எடுக்கவில்லை என்று மாநிலத்துக்கும் ஆட்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வழக்கு வந்தால் அங்கேயும் அந்தச் சாக்கு எடுபடாது. இவருக்கு இதைச் சொல்லிக் குழப்ப வேண்டாம்.

கொலம்பஸ் கடைக்காரன்:
நேற்று இரவே யு-3 போட்டுவிட்டேன். எல்.எல்.சி.தான் சார், டாம்பாவைப் பற்றி இப்போது யோசிக்கவே பயமாக இருக்கிறது. மாஸ்டருடன் உட்கார்ந்து ஃப்ராய் போட்டோம். "உங்க மேல கேஸ் ஆயிடுமா சார்?" என்று நாலு தடவை கேட்டார். இரண்டு வாரம் ஓய்வு என்று டாக்டர் எழுதியிருக்கிறார். சம்பள நஷ்டத்துக்கு என்ன வழி?

கணக்குப்பிள்ளை:
முதல் 7 நாளுக்கு உடனே வராது, எட்டாவது நாளிலிருந்து கணக்கு. தொடர்ந்து 14 நாள் வேலைக்கு வர முடியாவிட்டால் அந்த முதல் 7 நாளையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அவர் ஆறி வரும்வரை வேலையிலிருந்து நிறுத்திவிடாதீர்கள், கிளெய்ம் போட்டதற்காக நிறுத்தினால் அது தனி வழக்கு.

சான்றிதழ் வந்ததும் ஆட்கள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். ஜூலை 1 முதல் ஜூன் 30 வரைதான் பாலிசி ஆண்டு. முடிந்ததும் உண்மையில் கொடுத்த சம்பளத்தைச் சொல்லி ட்ரூ-அப், அதாவது பிரீமியக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும், கடைசி நாள் ஆகஸ்ட் 15. கடை இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டிடம் "ஸ்டாப் கேப்" இருக்கிறதா என்று கேளுங்கள். மாநில நிதியில் முதலாளி மேல் வரும் வழக்குக்கான காப்பு கிடையாது, அந்த ஓட்டையை அடைப்பது அதுதான்.

கொலம்பஸ் கடைக்காரன்:
கேட்கிறேன் சார். பையனுக்கு இந்த வாரத்திலிருந்து செக்.