குறுவைச் செலவு டிசம்பரில் காட்டுகிறது, ஷீட்டில் எங்கே தப்பு?

கேட்டவர், மன்னார்குடி பக்கம்

வணக்கம். எங்களுக்கு ஆறு மா நிலம், சுமார் ரெண்டு ஏக்கர். இந்த 2025 குறுவை நெல் சாகுபடிக்கு என்ன செலவானது, கையில் என்ன நின்றது என்று முதல் தடவையாகக் கூகுள் ஷீட்ஸில் கணக்குப் போட உட்கார்ந்தேன். அப்பா இத்தனை வருஷமும் காலண்டர் தாளின் பின்பக்கம்தான் எழுதி வைப்பார், காலண்டர் மாறினால் கணக்கும் போய்விடும். வங்கித் தளத்திலிருந்து ஜூன் 1 முதல் அக்டோபர் 10 வரைக்கும் ஸ்டேட்மென்ட்டை சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கி, ஷீட்டில் ஏற்றி, மாதவாரியாகக் கூட்ட சம்இஃப்ஸ் என்ற ஃபார்முலா போட்டேன். ஜூன் செலவு சரியாக 10,000 என்று வருகிறது. உழவுக்கும் விதைநெல்லுக்கும் மட்டுமே 14,000 தாண்டியதே! டிசம்பரில் 6,500 காட்டுகிறது, டிசம்பர் இன்னும் வரவே இல்லை. ஃபார்முலாவை நாலு தடவை மாற்றி எழுதிப் பார்த்துவிட்டேன், அதே எண்தான். அப்பா வேறு "போன்ல எழுதுற கணக்கு நிக்குமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், கும்பகோணம்

தம்பி, ஃபார்முலாவில் கை வைக்க வேண்டாம், தேதியைப் பாருங்க. ரெண்டு கேள்வி. மாதாமாதம் 6-ம் தேதி 2,000 ரூபாய் ஏதாவது கட்டுகிறீர்களா? மேட்டூர் அணை திறந்த அன்றைக்கு, அதாவது ஜூன் 12, யாருக்காவது 6,500 அனுப்பினீர்களா?

கேட்டவர்

அண்ணா, 6-ம் தேதி ஏலச்சீட்டு 2,000. ஜூன் 12 டிராக்டர்காரருக்கு 6,500. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பதில், கும்பகோணம்

ஷீட்டின் லொக்கேல், அதாவது எந்த நாட்டு முறையில் தேதியைப் படிப்பது என்ற அமைப்பு, அமெரிக்காவில் நிற்கிறது. அங்கே மாதம் முதலில், நாள் அப்புறம். நம் வங்கி 12/06 என்று எழுதினால் அது டிசம்பர் 6 என்று படித்துக்கொள்ளும். 06/07, 06/08 எல்லாம் ஜூன் ஆகிவிடும், அதனால்தான் ஐந்து மாதச் சீட்டுப் பணமும் ஜூனில் வந்து குவிந்து 10,000 ஆனது. இன்னொன்று, 13-ம் தேதியிலிருந்து உள்ளதைப் பாருங்க, 25/07 என்றால் இருபத்தைந்தாவது மாதம் என்று ஒன்று கிடையாதே, அதனால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். அந்தத் தேதிகள் கட்டத்தில் இடதுபக்கம் ஒட்டி நிற்கும், நிஜத் தேதி வலதுபக்கம் நிற்கும். எழுத்தாக நிற்பது எந்த மாதக் கூட்டலிலும் சேராது. பாதிச் செலவு அங்கேதான் காணாமல் போயிருக்கும்.

கணினியில் புது ஷீட் ஒன்று திறந்து, எதையும் ஏற்றுவதற்கு முன்னால் ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் லொக்கேலை இந்தியா என்று மாற்றிச் சேமியுங்கள். அதற்குப் பிறகு சிஎஸ்வியை ஏற்றுங்கள். பழைய ஷீட்டிலேயே மாற்றினால் பலிக்காது, டிசம்பர் 6 என்று ஒருதரம் பதிந்தது அப்படியேதான் இருக்கும்.

கேட்டவர்

வந்துவிட்டது அண்ணா! தேதி எல்லாம் வலதுபக்கம் வரிசையாக நிற்கிறது, டிசம்பர் காலி. ஆனால் நடவுக் கூலி எங்கேயும் இல்லை, "ஏடிஎம் 12,000" என்று ஒரே வரிதான். டீக்கடை, மளிகைச் சில்லறையும் காணோம்.

பதில், திருவையாறு

சில்லறைக்கு யுபிஐ லைட் வைத்திருக்கிறீர்களா தம்பி? பின் நம்பர் போடாமல் பணம் போகுமே, ஒரு தடவைக்கு 1,000 வரைக்கும், அதுதான். அதில் பணம் ஏற்றுவது மட்டும்தான் ஸ்டேட்மென்ட்டில் வரும், ஒவ்வொரு டீயும் வராது. ஏற்றிய தொகையையே "சில்லறை" என்று ஒரு செலவாக எழுதிவிடுங்கள், வீட்டுக் கணக்குக்கு அது போதும்.

கூலிதான் முக்கியம், அதை விடவே கூடாது. எங்கள் வீட்டில் ஏடிஎம் பணத்தைச் செலவாகவே சேர்ப்பதில்லை, அது வங்கியிலிருந்து பைக்கு மாறியது, அவ்வளவுதான். அதே ஷீட்டில் கூலிக்கென்று ஒரு தனிப் பக்கத்தில் அன்றைக்குச் சாயந்திரமே, ஆள் கலைவதற்குள், எத்தனை ஆள், எவ்வளவு கூலி, டீ வடைக்கு எவ்வளவு என்று போனிலேயே ஏற்றிவிடுவேன். ரெண்டு நாள் விட்டால் எனக்கே மறந்துவிடும். அப்புறம், மாதத்தோடு "போகம்" என்று ஒரு பத்தியும் வையுங்கள். இந்த மாதமே குறுவை அறுப்பு மெஷினுக்கும் சம்பா நாற்றங்காலுக்கும் சேர்த்துப் பணம் போகும், மாதத்தை மட்டும் பார்த்தால் எந்தப் போகம் நஷ்டம் என்று தெரியாது. சொசைட்டி பயிர்க்கடன் வரவில் விழுந்திருந்தால் அதை வருமானத்தில் சேர்க்காதீர்கள், திருப்பிக் கட்ட வேண்டிய பணம்.

கேட்டவர்

நல்லவேளை சொன்னீர்கள் அக்கா, பயிர்க்கடனையும் நெல் விற்ற பணத்தோடு சேர்த்துத்தான் வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். ராத்திரி அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஜூலையை மட்டும் வரிவரியாகப் படித்தார். "நடவு ரெண்டாம் நாள் நாலு ஆள் கூலி விட்டுப்போச்சே" என்றார். அவரே சொல்லச் சொல்ல ஏற்றினேன்.