மேலூர் வண்டியின் ஆர்ம் சிலிண்டர்

குழு: நம் வீட்டுச் சொந்தங்கள்

புதன்

மேலூர் அண்ணன், காலை 6:10
சித்தப்பா, வணக்கம். கண்மாயில் தூர்வாரும் நம் பொக்லைன் வண்டியின் ஆர்மை (பக்கெட்டைத் தாங்கும் கையை) வெளியே நீட்டி நிறுத்தினால், லீவரைத் தொடாமலேயே அது மெதுவாக உள்நோக்கி இறங்கிவிடுகிறது. அதை இயக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரின் வாயருகே, உள்ளும் வெளியும் போய்வரும் ராடிலும் (தண்டிலும்) எண்ணெய் கசிந்து, வண்டல் மண்ணோடு சேர்ந்து அப்பிக்கொள்கிறது. சீல் கிட் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையங்களின் தொகுப்பு) வாங்கி வைத்துவிட்டேன். இன்றே களத்தில் வைத்து மாற்றிவிட்டால் நாளை வேலையைத் தொடரலாம் என்று நினைக்கிறேன்.

கப்பலூர் சித்தப்பா, காலை 6:34
தம்பி, சிலிண்டரைக் களத்தில் பிரிக்காதே. வாயருகே கசிவதால் ராடு சீல் போய்விட்டது என்பது தெரிகிறது. ஆனால் ஆர்ம் தானாக இறங்குவதற்குப் சிலிண்டருக்குள் ராடின் முனையில் இருக்கும் பிஸ்டனின் சீல்தான் காரணம் என்று இப்போதே முடிவு கட்ட முடியாது. கன்ட்ரோல் வால்வின் ஸ்பூல் (எண்ணெயைத் திருப்பிவிடும் உருளை) தேய்ந்திருந்தாலும், மிகை அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஃப் வால்வில் தூசி சிக்கியிருந்தாலும் ஆர்ம் இதேபோல்தான் இறங்கும். முதலில் ஒரு சோதனை செய்துவிடலாம். ஆர்மை முழுவதும் உள்ளே மடக்கி, அதாவது ராடு முழு நீளத்துக்கும் வெளியே வந்த நிலையில், பக்கெட்டைத் தரையில் ஊன்றிவிடு. எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் திருப்பி, லீவர்களை எல்லாத் திசையிலும் அசைத்து, டேங்க் மூடியையும் மெல்லத் திறந்து உள்ளே தேங்கிய அழுத்தத்தை இறக்கு. பிறகு ராடு பக்கத்து ஹோஸைக் கழற்றி, ஹோஸின் முனையை மட்டும் பிளக் போட்டு அடைத்துவிட்டு, சிலிண்டரின் துளைக்குக் கீழே ஒரு வாளியை வை. எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, ஆர்மை இன்னும் உள்ளே மடக்குவதுபோல் லீவரைப் பிடி. துளையிலிருந்து எண்ணெய் நிற்காமல் ஓடினால் பிஸ்டன் சீல் போய்விட்டது என்று பொருள். ஓடவில்லையென்றால் வால்வைப் பார்க்க வேண்டும்.

வாடிப்பட்டி தம்பி, காலை 6:41
சித்தப்பா, சிலிண்டரின் துளையையும் அடைத்துவிட்டால் எண்ணெய் வீணாகாதே, ஏன் திறந்து வைக்கச் சொல்கிறீர்கள்?

கப்பலூர் சித்தப்பா, காலை 6:58
அதை அடைக்கவே கூடாது. பிஸ்டனின் ஒரு பக்கம் முழுப் பரப்பு. மறுபக்கத்தில் ராடு இடத்தை அடைத்துக்கொள்வதால் பரப்பு குறைவு. உள்விட்டம் 120 மி.மீ., ராடு 85 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார். ராடு பக்கத்துப் பரப்பு ஏறத்தாழப் பாதிதான் வரும். பின்பக்கம் 200 பார் அழுத்தம் கொடுத்து முன்பக்கத்தை, அதாவது ராடு பக்கத்தை அடைத்தால், அங்கே சிக்கிய எண்ணெயில் 400 பார் வரை அழுத்தம் ஏறும். கிளாண்டோ (சிலிண்டரின் வாயை மூடும் மூடியோ) பிளக்கோ தெறித்தால் எதிரே நிற்பவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

மதுரை அக்கா, காலை 7:05
நான் பணியாற்றும் மருத்துவமனைப் பிரிவிலிருந்து ஒன்று சொல்கிறேன், அனைவரும் மனத்தில் வையுங்கள். எண்ணெய் எங்கே பீய்ச்சுகிறது என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், தொடக்கத்தில் வலியும் அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அப்படி நடந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே ஏறிவிட்டது என்று மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

மேலூர் அண்ணன், பிற்பகல் 12:20
நல்லதுக்கா. சித்தப்பா, சோதித்துவிட்டேன். வாளியில் எண்ணெய் நிற்காமல் விழுந்தது. ஆர்மைச் சங்கிலியால் கட்டித் தாங்கல் கொடுத்த பிறகே சிலிண்டரை ஆர்மோடு பிணைக்கும் பின்னைத் (இரும்புத் தண்டைத்) தட்டினோம். சிலிண்டரை வேனில் ஏற்றி உங்கள் பட்டறைக்கு அனுப்பியிருக்கிறேன்.

வியாழன்

கப்பலூர் சித்தப்பா, மாலை 5:45
(மூன்று படங்கள்)
பிரித்துவிட்டேன். கிளாண்டை அதற்குரிய ஸ்பேனரால்தான் திருகினேன். சிலர் கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்துப் பிஸ்டனை வெளியே தள்ளுவார்கள். காற்று அமுங்கி நின்று, விடுபடும்போது பிஸ்டனைக் குண்டுபோல் வீசிவிடும் என்பதால் நம் பட்டறையில் அதற்கு இடமில்லை.

முதல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிஸ்டனின் வேர் ரிங் (பிஸ்டன் சுவரில் நேரடியாக உரசாமல் தடுக்கும் வளையம்) ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து காகிதமாகிவிட்டது, எதிர்ப்பக்கம் ஏறத்தாழப் புதிதாகவே இருக்கிறது. இரண்டாவது படத்தில், டியூபின் (சிலிண்டர் குழாயின்) உட்சுவரில் அதே பக்கத்தில்தான் நீளவாக்கில் கோடு விழுந்திருக்கிறது. எங்கோ ஒரு பக்க இழுப்பு இருக்கிறது என்று இவை இரண்டும் சொல்கின்றன. ராடு வளைந்திருக்குமோ என்று வி-பிளாக்கில் (வி வடிவத் தாங்கியில்) வைத்து டயல் கேஜால் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவியால்) சுற்றிப் பார்த்தேன். ஒரு சுற்றில் முள் காட்டும் மொத்த ஆட்டத்தில் பாதிதான் உண்மையான வளைவு. அந்தக் கணக்கில் ராடு நேராகவே இருக்கிறது. கடைசியாக ராடின் கண்ணில் (பின் நுழையும் துளையில்) இருக்கும் புஷ்ஷை (உள்வளையத்தை) அளந்தபோதுதான் விடை கிடைத்தது. அது முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறது. அதனால் அதற்குள் நிற்கும் பின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒவ்வொரு வீச்சிலும் பிஸ்டனைச் சுவரோடு அழுத்தியிருக்கிறது. சென்ற கோடையில் வெளிப் பட்டறையில் சீல் மாற்றியபோது இந்தப் புஷ்ஷைத் தொடவே இல்லை என்று தெரிகிறது. இன்றும் சீலை மட்டும் போட்டு மூடினால், உன் புதுக் கிட் அடுத்த கோடையைப் பார்க்காது.

மேலூர் அண்ணன், மாலை 6:02
மழைக்கு முன் கண்மாயை முடித்துக் கொடுப்பதாக ஊரில் சொல்லியிருக்கிறேன் சித்தப்பா. புஷ்ஷை மாற்றிவிடுங்கள்; டியூபையும் மாற்ற வேண்டுமா?

கப்பலூர் சித்தப்பா, மாலை 6:25
உன் அவசரம் புரிகிறது. கோடு நகத்தில் தட்டுப்படும் ஆழம் இல்லை. ஹோனிங் (உட்சுவரை மெல்லத் தேய்த்துச் சமன்செய்தல்) போட்டால் போய்விடும், அதன் பிறகு போர் கேஜால் (உள்விட்டம் அளக்கும் கருவியால்) மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும் அளந்து, அளவுக்குள் நின்றால் பழைய டியூபே போதும். ராடுதான் கவலை. குரோம் பூச்சின் கனமே 0.02 முதல் 0.03 மி.மீ. வரைதான் இருக்கும், அதில் ஓரிடத்தில் துரு குத்தி உரிந்திருப்பதை மூன்றாவது படத்தில் காணலாம். அந்த விளிம்பு அரம்போல் ஒவ்வொரு முறையும் ராடு சீலைச் சீவும். வாயருகே கசிந்ததற்கு அதுவே காரணம். அதைச் சாணைபிடித்து மீண்டும் ஹார்டு குரோம் ஏற்றித்தான் தருவேன்.

ஞாயிறு

கப்பலூர் சித்தப்பா, காலை 10:15
சிலிண்டரைப் பூட்டிவிட்டேன். வாடிப்பட்டி தம்பி கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். ராடு சீலின் உதடு எண்ணெய் அழுத்தம் வரும் பக்கம், அதாவது உள்நோக்கி இருக்க வேண்டும். தூசியைத் தடுக்கும் வைப்பரின் உதடு வெளிநோக்கி இருக்க வேண்டும். ஓ-ரிங்குக்கு (ரப்பர் வளையத்துக்கு)த் துணையாக வரும் பேக்கப் ரிங், அழுத்தம் வரும் திசைக்கு மறுபக்கம் உட்கார வேண்டும். பிஸ்டனின் டெஃப்லான் ரிங்கைச் சூடான எண்ணெயில் போட்டு இளக்கி ஏற்றி, ஸ்லீவால் (சுற்றி இறுக்கும் குழாயால்) அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்தேன். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கண்ணுக்குத் தெரியாத கீறலே கசிவுக்கு வழியாகிவிடும். பிஸ்டன் நட்டை வண்டியின் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கே முடுக்கினேன்.

மேலூர் அண்ணன், காலை 10:22
மிக்க நன்றி சித்தப்பா. மாட்டியவுடன் வேலையைத் தொடங்கலாமா?

கப்பலூர் சித்தப்பா, காலை 10:40
கூடாது. குறைந்த வேகத்தில் எஞ்சினை வைத்து, முனை வரை முட்டவிடாமல் ராடைப் பல முறை மெதுவாக நீட்டி மடக்கி உள்ளே உள்ள காற்றை வெளியேற்று. காற்று சட்டென்று அமுங்கினால் சூடேறி எண்ணெய் ஆவியோடு சேர்ந்து எரிந்து, புது சீலைக் கருக்கிவிடும். பிறகு டேங்கின் அளவைப் பார்த்து எண்ணெய் ஊற்று; டேங்குக்குத் திரும்பும் எண்ணெயை வடிகட்டும் ரிட்டர்ன் ஃபில்டரையும் இப்போதே மாற்றிவிடு, பழைய பிஸ்டன் உரசிய பொடி அதில்தான் தங்கியிருக்கும். புதுப் புஷ்ஷுக்கு நாள்தோறும் வேலை தொடங்கும் முன் கிரீஸ் அடிக்கச் சொல். ஆர்மை நீட்டி நிறுத்தி, இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு இந்தக் குழுவிலேயே எழுது.

மேலூர் அண்ணன், மாலை 4:50
நீங்கள் சொன்னபடியே செய்தோம் சித்தப்பா. ஆர்மை நீட்டி வைத்துத் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன், இறங்கவில்லை. ராடில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் இருக்கிறது.

கப்பலூர் சித்தப்பா, மாலை 4:58
அந்தப் படலம் இருக்கத்தான் வேண்டும், சீல் காயாமல் ஓட அதுதான் துணை. சொட்டாகத் திரண்டால் மட்டும் சொல். நாளை காலை வேலையைத் தொடங்கு.