புதுப்பிப்பு: என் கேமுக்கு பாக் (Bach) இசை கிடைத்துவிட்டது

பொழுதுபோக்காக நான் செய்யும் வீடியோ கேமில், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய இசையின் பதிவு ஒன்றைச் சேர்க்க யாரிடம் அனுமதி வாங்குவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பாக் 1750-இல் இறந்தவர். அவர் இசைக்கு இப்போது பதிப்புரிமை இல்லை. ஆனால் வாசித்துப் பதிவு செய்தவர்களின் உரிமை தனி. நான் ஆசைப்பட்ட பதிவுக்கு, கேம் இலவசம் என்றாலும் கட்டணம் கேட்டார்கள். சரி, விட்டுவிட்டேன்.

அப்புறம் கிமிகோ இஷிசாக்கா பியானோவில் வாசித்த, பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' பதிவு கிடைத்தது. 2012-இல் சிசி0 (CC0) முறையில், அதாவது உரிமைகளை விட்டுக்கொடுத்து, வெளியானது: அனுமதி, கட்டணம் எதுவும் வேண்டாம், பெயர் போடுவதுகூடக் கட்டாயமில்லை. ஆனாலும் நன்றிப் பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் வரும். அவ்வளவு அழகான வாசிப்பு!

'வணிகமற்ற பயன்பாடு மட்டும்' என்றிருந்த பதிவுகளைத் தொடவில்லை. நாளை நன்கொடை பட்டன் வைத்தால்கூட அது சிக்கலாகலாம். உரிமப் பக்கத்தின் பிரதியை ஆடியோ ஃபைலுடனே சேமித்துவிட்டேன்.